மாமியின் வெள்ளிக்கூடு

மாமி, உங்கள் கூட்டைத் திறந்ததும் நீங்கள் போட்டுவைத்த கிராம்பின் மணம் குப்பென்று அடித்தது. கத்தரிக்கோல், முள்வாங்கி, காதுக்குறும்பி வாங்கி, ஊசி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. விரல் நீளக் கூடுதான். மூடியில் மீனும் கொடியும். நாலு தலைமுறைப் பழசு என்பீர்கள். இப்போது அது என் இடுப்பில் தொங்குகிறது.

நான் மருமகளாக வந்த புதிதில், தருவைகுளத்துக் கடற்கரையில் கெளுத்தி முள் என் காலில் ஏறியது நினைவிருக்கிறதா? ஊரே திரும்பிப் பார்க்க அலறினேன். "ஏளா, காலை நீட்டு. நாளைக்குப் பிள்ள பெறப்போறவ, இதுக்கா அழுவ?" என்று மணலில் உட்கார்ந்து, ஒரே இழுப்பில் எடுத்துவிட்டீர்கள். "சுத்த வெள்ளிலா, விஷம் அண்டாது" என்று பெருமை வேறு. கல்யாண வீடுகளில் நாலு பேர் கண்ணில் படும்படிதான் அதை மாட்டிக்கொண்டு வருவீர்கள். ஆனால் நான் பல்பொடி போட்டுத் துலக்கப் போனால் மட்டும் வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வீர்கள். "துணியால துட. தேய்ச்சிராத." மருமகள் கை படக்கூடாதாக்கும் என்று பல நாள் பொருமியிருக்கிறேன்.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு இந்தக் கூட்டுக்காக உங்கள் மகன்கள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உருக்கி ஆளுக்குப் பாதி என்று கடைசியில் முடிவானது. மனசு கேட்காமல் நகைக்கடைக்கு நானும் கூடவே போனேன்.

கடைக்காரர் அடிப்பக்கத்தில் அரத்தால் லேசாக இழுத்தார். மஞ்சள் தெரிந்தது.

"அண்ணாச்சி, இது பித்தளைலா. மேல வெள்ளி முலாம். தேய்ச்சிருந்தா என்னைக்கோ போயிருக்கும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உங்களுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது, மாமி!

மூத்தவர் அந்த மஞ்சளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, "ஏலே, அம்மா நம்மள நல்லா ஏமாத்திட்டாவ" என்று தம்பியின் தோளில் தட்டிச் சிரித்தார். என் வீட்டுக்காரருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து டீ குடித்தார்கள். "நீயே வச்சுக்கம்மா" என்று மூத்தவர் கூட்டை என் கையில் கொடுத்தபோது, அப்பாடா என்று எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. வெள்ளியாக இருந்திருந்தால் அன்றே உருகிப்போயிருக்கும்.

நேற்று என் மகள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நெசமாவே வெள்ளியாம்மா?"

நான் வாங்கி, அரம் பட்ட இடத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டேன்.

"பின்னே? சுத்த வெள்ளி. துணியால துட, தேய்ச்சிராத."