அட்டையில் போடவேண்டிய பெயர்

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டால் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே "ம்ம்" என்பீர்களே, அந்தச் சத்தத்துக்காக இன்னும் காது காத்துக் கிடக்கிறது. நீங்கள் போன பிறகு இது இரண்டாவது பனிக்காலம். நம் நோத்ர-டாம்-த-கிரேஸ் வீட்டில் ரேடியேட்டர் அதே மாதிரிதான் முனகுகிறது. என் சிநேகிதி ஜானகி குடும்பத்தார் புவாண்ட்-கிளேர் வீட்டை விற்றுவிட்டு டொரண்டோவுக்குப் போகிறார்கள். "தனியா இங்க என்னடி பண்ணப் போறே, நீயும் வந்துடேன்" என்கிறாள். நீங்கள் நடந்த கூடத்தை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

அந்தக் கூடத்தில்தானே ஐரோப்பாவையே விரித்து வைத்திருந்தீர்கள்! பொதுச் சந்தை என்று ஒன்றாகச் சேர்ந்த நாடுகள் ஒவ்வொன்றும் தொழிலாளிக்கு என்ன செய்கிறது, வயதானால் என்ன, நோய் வந்தால் என்ன, பிள்ளைகளுக்கு என்ன என்று நாட்டுக்கு ஒரு காகிதம். ஜெர்மனியை மிதிக்காமல் நான் காப்பி கொண்டுவர வேண்டும். ஆறு நாடுகளையும் எழுதி முடித்து அப்பாடா என்று உட்கார்ந்தபோது, புதிதாக மூன்று நாடுகள் வந்து சேர்ந்தன. பந்தி முடிந்து இலையெடுத்த பிறகு சம்பந்தி வீட்டார் வந்து நின்ற மாதிரி நீங்கள் முழித்தீர்கள். நான் சிரித்த சிரிப்பில் உங்களுக்குக் கோபம்கூட வந்தது.

கீழே தெப்பனேர் என்கிற சில்லறைக் கடை நடத்தும் இத்தாலிக்காரர் பியெத்ரோ உங்களைப் பற்றிப் பேசாமல் ரொட்டியைக் கையில் கொடுப்பதில்லை. அவருடைய அண்ணன் பெல்ஜியத்தில் நிலக்கரி வெட்டி, ஜெர்மனியில் இரும்பு உருக்கி, நெஞ்சு கெட்டு ஊர் திரும்பினாரே, அவர் கதையைக் கேட்டுவிட்டு வந்து நீங்கள் சாப்பிடவில்லை. "எந்த நாட்டுல பென்ஷன் கேட்டாலும், உன் சர்வீஸ் எங்ககிட்ட போதாதுங்கறான். அப்போ அந்த மனுஷன் உழைச்சதெல்லாம் எங்கே போச்சு, சொல்லு" என்று என்னிடம் சண்டைக்கு வந்தீர்கள். எல்லா நாட்டு வருஷங்களையும் ஒன்றாகக் கூட்டிப் பென்ஷன் தரவேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கிறது, அது உண்மையில் நடக்கிறதா என்பதுதான் உங்கள் புத்தகம் முழுக்கக் கேள்வி. எனக்கு என்னவோ அந்த அண்ணனுக்காகவே நீங்கள் அதை எழுதினீர்கள் என்று தோன்றும்.

தட்டச்சான பக்கங்களை நான் உரக்க வாசிக்க, நீங்கள் மூலத்தை வைத்துச் சரிபார்ப்பீர்கள். எண்களைத் தமிழில்தான் வாசிக்க வேண்டும், இங்கிலீஷில் கேட்டால் காது தூங்கிவிடுகிறது என்பீர்கள். நானூற்று முப்பத்தேழு, அறுநூற்றுப் பன்னிரண்டு என்று பாட்டு மாதிரி போகும். இப்போது இந்த வீட்டில் ஒரு எண்ணைத் தமிழில் சொல்ல ஆளில்லை. ஏன் இப்படி அவசரமாகப் போனீர்கள்?

சரி, எழுத வந்த சேதிக்கு வருகிறேன். புத்தகம் அச்சுக்குப் போகிறது. போன மாதம் உங்கள் ஆய்வு நிலையத்துத் தலைவர் போன் செய்தார். புதிய மூன்று நாடுகளைப் பற்றிய கடைசிப் பகுதியை மற்றவர்கள் எழுதி முடித்தார்களாம். அதனால் அட்டையில் நிலையத்தின் பெயர் மட்டும் இருக்குமாம். உங்களுக்கு உள்ளே, நன்றி சொல்லும் பக்கத்தில் ஒரு வரி.

ஜானகியிடம் சொன்னால், "போனவர் வந்து பாக்கவா போறார்? எதுக்குடி வம்பு, விட்டுடு" என்கிறாள். விடுவதாவது! மறுநாளே பனியில் வழுக்கிக்கொண்டு மெட்ரோ பிடித்துப் போய் அவர் அறையில் உட்கார்ந்தேன்.

நல்ல மரியாதையாகத்தான் பேசினார். "ராஜ் இருந்திருந்தால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார், அவ்வளவு நல்ல மனிதர்" என்றார். அது உண்மை என்பதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. நீங்கள் சிரித்துவிட்டு வந்திருப்பீர்கள், உங்களைத் தெரியாதா எனக்கு? நான் அவரிடம் இங்கிலீஷில் தட்டுத் தடுமாறிச் சொன்னதை உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்: "ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குப் போனவன் உழைச்ச வருஷம் அழிஞ்சு போகக்கூடாதுன்னுதானே இந்தப் புத்தகம்? எழுதினவர் போயிட்டார்னதும் அவர் வருஷங்களை நீங்களே அழிக்கலாமா?"

"சரி, அட்டையிலேயே போட்டுவிடுகிறோம்" என்றார். பிறகு தட்டச்சு செய்யும் பெண்ணைக் கூப்பிட்டார். "ராஜ் என்று போட முடியாதே, முழுப்பெயரைச் சொல்லுங்கள், இவள் எழுதிக்கொள்வாள்" என்றார். அவள் பென்சிலோடு என் முகத்தைப் பார்க்கிறாள். எனக்கு நாக்கு எழவில்லை.

புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அம்மா சொன்னதை, எம்.ஏ. படித்தும் நான் விட்டவளில்லையே. முதல்முதலில் இங்கே வந்து இறங்கியபோது, "கணவர் பெயர் என்ன" என்று கேட்ட குடியேற்ற அதிகாரிக்குப் பாஸ்போர்ட்டைத் தொட்டுக் காட்டினேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். தலைவர் அறையில் அன்றைக்கும் கைப்பையில் பேனா இருந்தது, எழுதிக் கொடுத்திருக்கலாம். பேனாவைத் தேடிக் கை உள்ளே போய்க்கூட விட்டது. அப்போதுதான் உறைத்தது. இனி எந்த ஆயுசைக் காப்பாற்ற?

"சௌந்தரராஜன்" என்றேன்.

சத்தமாகவே வந்தது. அந்தப் பெண்ணுக்குப் பிடிபடவில்லை, இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். எழுத்தெழுத்தாகவும் சொன்னேன். கண்ணீர் வழிகிறது, துடைக்கத் தோன்றவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மனுஷன் திரும்பிப் பார்க்க வேண்டாமா? நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டையில் உங்கள் பெயர் வருகிறது. அது போதவில்லை எனக்கு. எந்த ஊரில் இருந்தாலும், யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், இனி வாய்விட்டுச் சொல்வேன். ஒரு தரமாவது உங்கள் காதில் விழும்படி சொல்லியிருக்கலாமே என்று ஏங்கி ஏங்கியே சொல்வேன். இது சத்தியம்.

சௌந்தரராஜனின் மனைவி,
கோமதி