‘புரியுது மாப்ள’ என்று சொன்னவன்

இன்று காலை ஐந்தருவிப் பக்கம் போயிருந்தேன். சீசன் களைகட்டிவிட்டது. சாரல் விழுந்துகொண்டே இருக்க, பழக்கடைக்காரம்மா ஒரு மங்குஸ்தானைப் பிளந்து, "சாப்பிட்டுப் பாருங்கண்ணாச்சி, கல்கண்டு மாதிரி இருக்கும்" என்று நீட்டினாள். வாங்கிவிட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. இதே பழத்தை நீ நிலாவாக்கிக் காட்டியது ஞாபகம் வந்து, உடம்பே கூசிப்போனது.

வானத்தை ஆராய்கிறவர்கள் எத்தனையோ பேர். அதை டீக்கடையில் நிற்பவனுக்கும் சொல்லத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவனான நீ என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்று, என் ஜவுளிக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். ஒருமுறை ஆட்டோவில் பழைய குற்றாலம் போனோம். ஓட்டுநரிடம், "அண்ணாச்சி, நீங்க பாக்குத நட்சத்திரம் சிலது வெளிச்சத்த அனுப்பும்போது ஒங்க தாத்தாவுக்குக் கல்யாணமே ஆயிருக்காது" என்றாய். அவர் அதையே யோசித்துக்கொண்டு, திரும்ப வேண்டிய வளைவைத் தாண்டிப் போய்விட்டார்.

ஊருக்கு வந்தால், கூட்டத்தில் பேசப்போவதை முதலில் என்னிடம்தான் சொல்லிப் பார்ப்பாய். "ஒனக்குப் புரிஞ்சா தென்காசிக்கே புரியும்லே" என்பாய். கேலிதான். ஆனாலும் அந்த வேலைக்கு என்னைத்தான் நம்பினாய்.

அந்த வருடம், பௌர்ணமிதோறும் ஏன் சந்திர கிரகணம் வருவதில்லை என்பதைப் பேச வந்திருந்தாய். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்றோம். உன் தலையைத் தொட்டுக் காட்டி, இதுதான் பூமி என்றாய். மங்குஸ்தானைக் கையில் பிடித்துத் தலையைச் சுற்றிக் கொண்டுபோனாய். "பூமியோட நிழல் நேரா அங்கன விழுது. நிலா சில சமயம் அதுக்கு மேல போயிரும், சில சமயம் கீழ. அதான் மாட்டாம தப்பிச்சிருது. புரியுதா?"

எனக்குப் புரியவில்லை. ஆகாயத்தில் மேல் ஏது, கீழ் ஏது? கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை வருடம் கூடவே திரிந்தும் இவன் இவ்வளவுதானா என்று நீ நினைத்துவிடுவாயோ என்று விழுங்கிவிட்டேன்.

"புரியுது மாப்ள" என்றேன்.

உனக்கு வந்த சந்தோஷம்! அந்தப் பழத்தை உரித்து எனக்கே கொடுத்தாய்.

மறுநாள் கல்யாண மண்டபத்தில் அதையே அப்படியே சொன்னாய். நான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கேள்வி கேட்கலாம் என்றதும் பெரியவர் ஒருவர் எழுந்து, "அடுத்த கிரகணம் எந்த ராசிக்கு ஆகாது தம்பி?" என்றார். மண்டபம் சிரித்தது. நீ சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது, "எங்கலே கோட்டைவிட்டேன்? ஒனக்குப் புரிஞ்சுதுல்லா?" என்று கேட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "நீ நல்லாத்தான் சொன்னே. இந்தச் சனத்துக்கு மண்டையில ஏறாது, விடு மாப்ள" என்றேன். என் மானத்தைக் காப்பாற்ற ஒரு ஊரையே முட்டாளாக்கினேன். அதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

"சனத்த மட்டும் சொல்லாதலே. சொன்ன எனக்குத்தான் சொல்லத் தெரியல" என்றாய். அதன்பிறகு நம் ஊரில் கிரகணத்தைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை.

நீ கண்ணை மூடியபிறகு வரும் இரண்டாவது சீசன் இது. போன மாதம் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பேச ஓர் இளம் பெண் விஞ்ஞானி வந்திருந்தார். அதே கிரகணம், அதே மேல், அதே கீழ். "புரியுதா?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு என்ன வந்ததோ, எழுந்துவிட்டேன். "எனக்குப் புரியலம்மா. மேலன்னா எதுக்கு மேல?"

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "எனக்கும் அங்கனதான் விட்டுப்போச்சு" என்றது. "எனக்குந்தான்" என்றார் இன்னொருவர்.

அந்த விஞ்ஞானி மேடையை விட்டு இறங்கி வந்தார். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கேட்டு வாங்கினார். தன் கை வளையலைக் கழற்றி, பாதி மேலே தெரியும்படி தண்ணீரில் சாய்த்துப் பிடித்தார். "பூமியோட நிழல் எப்பவும் இந்தத் தண்ணி மட்டத்துலதான் விழும். நிலா போற வழி இந்த வளையல். பாதி தண்ணிக்கு மேல, பாதி கீழ. தண்ணிய வெட்டுற இடம் ரெண்டே ரெண்டு. பௌர்ணமியன்னைக்கு நிலா அந்த இடத்துக்கிட்ட வந்தாத்தான் நிழல்ல மாட்டும்."

புரிந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஒரு கேள்வி, மாப்ள. அன்றைக்கு நான் அதைக் கேட்டிருந்தால் நீ இதைவிட நல்லதாக ஒன்றைக் கண்டுபிடித்திருப்பாய். உனக்குச் சொல்லத் தெரியவில்லை என்ற எண்ணத்தோடு போயிருக்கமாட்டாய்.

இப்போதெல்லாம் டாக்டரிடமும் பேங்கிலும் புரியாவிட்டால் உடனே சொல்லிவிடுகிறேன். சிரித்தால் சிரிக்கட்டும் என்று இருக்கிறது. அதைக் கேட்பதற்காகவே என்னைத் தேடி வந்த ஒருவனிடம் மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.