கொழும்பில் பிறக்காதவர்

1948 ஆகஸ்ட், வெள்ளி இரவு.

கொழும்புப் பார்லிமெண்டில் பிரஜாவுரிமை மசோதா நிறைவேறிவிட்டது. ரிப்பேருக்கு வந்த ரேடியோவில் கேட்டேன். அக்காவைக் கட்டிய அத்தானுக்குக் கடை, வீடு, பிழைப்பு எல்லாம் அங்கேதான். ஆனால் அவரும் அவர் அப்பாவும் பிறந்தது இந்தியாவில், உடன்குடியில். பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது நம் வழக்கம். அதனால் இனி அவர் அங்கே அந்நியராம். என்ன சட்டமோ!

நிறைமாத அக்காவிடம் மழுப்பாமல் சொன்னேன்.

"அப்ப நான் கப்பலேறி இங்கன வந்திருக்கக் கூடாதாலே?"

"நீ எங்கன பெத்தாலும் ஒண்ணுதான்க்கா. பிள்ளைக்கு அப்பன் வழியாத்தான் பிரஜாவுரிமை வருமாம்; அத்தானுக்கே இல்லன்னுட்டானுவ."

அவளைப் பிடிவாதமாக அழைத்துவந்த அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள்.

"ஆத்தா வீட்டுல பெத்துக்கிடுதது ஒரு குத்தமாலே? பார்லிமெண்டுல ஒருத்தனும் கேக்கலியா?"

கேட்டார்கள், தோற்றார்கள் என்றேன். அக்கா சாப்பிடாமலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நான் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் சட்டம் மாறிவிடவா போகிறது?