என் படத்துக்கு யார் மாலை போட்டது?

உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தின்னர் வாசனை வந்துவிட்டது. நீ போய் மூன்று வருடமாகிறது. சாயம் கரைக்க ஆளில்லை. ஆனாலும் சுவர்கள் அந்த வாசனையை விடவில்லை. பழக்கத்தில், "டேய், இருக்கியா?" என்று கூப்பிட வாயெடுத்துவிட்டேன். அதற்குள் ஒரு பெண் எட்டிப் பார்த்து, "வாங்க அங்கிள், பேர் எழுதிட்டு உள்ள போங்க" என்றாள்.

உன் பீடோங் வீடு இப்போது ஓவியர் நினைவகம். உன் மகள் வீட்டை ஊர் இளைஞர்களிடம் கொடுத்துவிட்டாள். அவர்கள் வெள்ளையடித்து, நீ தொட்டதற்கெல்லாம் அட்டை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கூடத்தில் அந்தப் பிரம்பு நாற்காலி, சுற்றிலும் சிவப்புக் கயிறு. 'ஓவியர் அமர்ந்து சிந்தித்த நாற்காலி' என்று எழுதியிருந்தது. நீ எங்கே அதில் உட்கார்ந்தாய்? உனக்கு முக்காலிதான். கூலிம் தொழிற்சாலைக்குப் பஸ் ஓட்டிவிட்டு வந்து, முப்பது வருடமாக அதில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவன் நான். கால் தானாகக் கயிற்றைத் தாண்டியது. "அங்கிள், அதுல உட்காரக் கூடாதுலா!" என்று அந்தப் பெண் ஓடி வந்தாள். என் கொட்டாவிக்குக் கிடைத்த மரியாதையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அடுத்த அறையில் நீ வரைந்த துக்க வீட்டுப் படங்கள், பலதும் அந்தந்த வீட்டில் கேட்டு வாங்கியவை. எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் மாலை, நெற்றியில் குங்குமம். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசியில் நான்! எனக்கும் மாலை, எனக்கும் குங்குமம், கீழே ஒரு சின்ன சிவப்பு விளக்கு வேறு.

உன் தொழில் அதுதானே. தோட்டத்தில் யாராவது தவறினால், பதினாறாம் நாளுக்குள் படம் வேண்டும் என்று ஐசியை எடுத்துக்கொண்டு உன்னிடம் வருவார்கள். அடையாள அட்டைப் படத்தில் எல்லோரும் ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர்கள் மாதிரிதான் இருப்பார்கள். நீ முகத்தைத் தெளியவைத்து, கோட்டும் டையும் மாட்டி அனுப்புவாய். பாடாங் மேஹா தோட்டத்திலிருந்து வந்த அக்கா ஒருத்தி அழுதுகொண்டே கேட்டது நினைவிருக்கிறதா?

"எங்கப்பா சட்டையே போட மாட்டாருண்ணே. கோட்டு போட்டா எங்கம்மாவுக்கே அடையாளம் தெரியாதே?"

"போற எடத்துல ஏர்கோன் அதிகம்மா. குளிரும்லா" என்றாய். அழுதவள் சிரித்துவிட்டாள்.

நெஞ்சில் அறுவைச் சிகிச்சைக்கு நான் பினாங்குக்குக் கிளம்பிய அன்று, சொல்லிக்கொண்டு போக உன்னிடம் வந்தேன். நீ பின்பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தாய். பலகைமேல் கிடந்த துணியைத் தூக்கிப் பார்த்தேன். கரிக்கோட்டில் என் தலை. கண்ணும் மூக்கும் இருந்தன, வாய் இன்னும் வரவில்லை.

"என்னடா, இப்பவே மாலைக்கு அளவு எடுக்கிறியா?"

"வேல முடியல. மூடுடா" என்றாய்.

நான் பிழைத்து வந்தேன். நான் செத்துவிடுவேன் என்று நீயே முடிவுகட்டிவிட்டாயே என்ற கோபத்தில் உன் வீட்டுப் பக்கமே வரவில்லை. நீ ஆள்விட்டுக் கூப்பிட்டும் வரவில்லை. ஒரு வருடம். பிறகு நீ போனாய். ஊரையே வரைந்த உனக்கு ஒரு படம் இல்லை. துக்க வீட்டில் உன் ஐசி படத்தைத்தான் பெரிதாக்கி வைத்திருந்தார்கள், திருடன் மாதிரியே இருந்தாய். எனக்குக் கோபம் போகவில்லை, அழுகையும் நிற்கவில்லை.

இப்போது அந்த மாலையை விலக்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உடம்பில் கோட்டு இல்லை. பஸ் டிரைவர் சட்டை, மேல் பொத்தான்கூட அறுந்தது அறுந்தபடி. வாய் வரைந்து முடித்திருந்தாய். காது வரைக்கும் சிரிப்பு, அத்தனை பல்லும் தெரிகிறது.

"செத்தவங்க படத்துல பல்லு தெரியக் கூடாதுடா. கும்பிட வர்றவனுக்கும் சிரிப்பு வந்துரும்." எத்தனை தடவை சொல்லியிருப்பாய். அந்த அறையில் மற்ற எல்லோரும் வாயை மூடிக் கோட்டு போட்டிருக்கிறார்கள். நான் மட்டும் அப்படி இல்லை. நான் திரும்பி வருவேன் என்று நினைத்துத்தான் வரைந்திருக்கிறாய். கொடுக்கத்தான் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறாய். எதிரே என் நாற்காலி ஒரு வருடம் காலியாகக் கிடக்க, நீ முக்காலியில் உட்கார்ந்து என் பல்லை ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறாய். மன்னிச்சிருடா. நான் ஒரு முட்டாள்.

"யாரு அங்கிள் இது, உங்க சொந்தமா?" அந்தப் பெண் பின்னால் நின்றாள்.

"நான்தாம்மா."

படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தரையில் படுகிறதா என்று என் காலைப் பார்த்தாள்.

"ஐயோ, சாரி அங்கிள்! இந்த ரூம்ல எல்லாருமே தவறிட்டாங்கன்னு நெனச்சு மொத்தமா மாலை வாங்கிட்டோம்." அவசரமாக மாலையைக் கழற்றினாள், குங்குமத்தைத் துடைத்தாள், விளக்கைப் பிடுங்கினாள். அந்த மாலையைக் கேட்டு வாங்கி, வாசலில் ஏற்கெனவே ஒரு மாலையோடு மாட்டியிருந்த உன் ஐசி படத்துக்கு இரண்டாவதாகப் போட்டேன். உனக்குத் தகும்.

படத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். வேண்டாம், உன் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். அப்படியென்றால் பக்கத்தில் நில்லுங்கள் என்று கைப்பேசியை எடுத்தாள். நீ வரைந்த பற்களில் முன்னால் இருந்த இரண்டு இப்போது என்னிடம் இல்லை. அவை விழுந்ததிலிருந்து கல்யாண வீட்டில்கூட வாயை மூடிக்கொண்டுதான் படத்துக்கு நிற்பேன்.

"ரெடியா அங்கிள்?"

ஈ என்று இளித்தேன். இருக்கிற பல்லெல்லாம் தெரிந்தது.