மருதாயிக்கு எந்த நாடு

1955 செப்டம்பர் 12, போடி
காலையிலிருந்து மழை. எம்.எல். சட்ட ஆய்வு மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறது. அகதிகளுக்காக 1951இல் ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தம். நாடற்றவர்களுக்காகப் போன வருடம் நியூயார்க்கில் ஒன்று. இரண்டிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. "புத்தகம் போதும், ஓர் ஆளைக் காட்டு" என்று பேராசிரியர் சென்னையிலிருந்து எழுதியிருக்கிறார்.

செப்டம்பர் 18, குரங்கணி
ஆள் அண்ணனின் ஏலக்காய்த் தோட்டத்திலேயே இருக்கிறாள். மருதாயி, காய் எடுப்பவள். பிறந்தது சிலோன் தேயிலைத் தோட்டத்தில். தகப்பன் சாவுக்கு மூன்று மாத அனுமதியில் வந்தவள். காய்ச்சலில் படுத்ததில் கெடு தாண்டிவிட்டது. இரண்டு வருடமாக சிலோன் அரசு திரும்ப விடவில்லை. புருஷன் அங்கே குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறான். முடிவு தெரியுமுன் கிளம்பினால் மனு போய்விடும். விட்டு வந்தபோது மகளுக்கு நாலு வயசு.

செப்டம்பர் 19
அண்ணன் கத்தினார். "காயிதமில்லாதவள வேலைக்கு வச்சிருக்கேன். அவ பேர எழுதுனீன்னா தோட்டத்துக்குப் போலீசு வரும். ஒன் படிப்புக்கு நான் ஜெயிலுக்குப் போகவா?" சாப்பிடுவது அவர் சோறு.

செப்டம்பர் 25
பேரை மாற்றி எழுதுகிறேன் என்றேன். மருதாயிக்குக் கோபம். "எதுக்கு மாத்துறீக சின்னய்யா? எம் பேரையே எழுதுங்க. போலீசு பிடிக்கட்டும். பிடிச்சா சிலோனுக்குத்தான அனுப்புவாக?"
அனுப்பமாட்டார்கள். சிலோனில் இறங்கவே விடமாட்டார்கள். சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. கோழை.

அக்டோபர் 3
யாரிடமும் கேட்காமல் மலையிறங்கி நடந்தே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். பிடிச்சு அனுப்புங்க என்றாளாம். "ஒன்ன எந்த ஊருக்குத் தாயி அனுப்புறது?" என்று சிரித்து விரட்டிவிட்டார்கள்.
திரும்பி வந்து என்னிடம் கேட்டாள்: "நீங்க படிச்சவுக. ஒங்களுக்கு முன்னயே தெரியுமா?"
தெரியும் என்றேன். எழுந்து ஏலக்காட்டுக்குள் போய்விட்டாள்.

நவம்பர் 20
ஒரு வரியும் ஓடவில்லை. ஆய்வுத் தாள் கட்டைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டிவைக்கிறேன். யாருக்காக எழுதுகிறேன் இதை — பட்டத்துக்கா?

1956 பிப்ரவரி 9
மருதாயி புருஷனின் கடிதத்தோடு வந்தாள். அன்றைக்குப் பிறகு இன்றுதான் என்னோடு பேசுகிறாள். வாசித்துக் காட்டினேன். மனு தள்ளுபடி. வேலையை விட்டும் நிறுத்திவிட்டார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு மகளோடு வருகிறானாம்.
"தள்ளுபடின்னா?"
"அந்த நாடு இனி ஒங்களுக்கு இல்ல" என்றேன்.
"அது கெடக்கட்டும். புள்ள வருதா இல்லையா? அதச் சொல்லுங்க."
"வருது."
கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மார்ச் 2, போடி
புருஷனும் மகளும் வரும் கப்பல் நாளை தனுஷ்கோடிக்கு வருகிறது. மருதாயியை ரயிலேற்றிவிட்டேன். அண்ணன் தடுக்கவில்லை. வண்டி நகரும்போது ஜன்னலில் முகத்தை வைத்துக் கேட்டாள்: "புள்ளைக்கு என்னைய அடையாளம் தெரியுமா சின்னய்யா?"
அந்தப் பிள்ளைக்கு இப்போது ஏழு வயசு இருக்கும். கையை மட்டும் ஆட்டினேன்.