இசைத்தட்டில் இல்லாத மூச்சு

என்னங்க,

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நீங்கள் மூச்சு இழுக்கும் சத்தத்தை அழித்துவிடலாம் என்று ஒலிப்பதிவாளர் சொன்னபோது, "அதுவும் பாட்டுதான்யா, அதுல கை வைக்காத" என்று சண்டை போட்டீர்களே, அந்த இசைத்தட்டை நேற்றும் போட்டேன். பாட்டு அப்படியே இருக்கிறது. மூச்சை மட்டும் காணோம்.

ஊசி தேய்ந்திருக்குமோ என்று மாற்றிப் பார்த்தேன். ஊஹூம்.

உங்கள் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார்கள். காது கேளாதவள் போல இருக்கிறேன்.

இன்று மத்தியானம் சாப்பிடும்போது நம் மகள், "அம்மா, ஏன் என் காதுகிட்ட வந்து மூச்சு இழுக்குற?" என்றாள். நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

குழந்தையைப் பயமுறுத்தாதீர்கள், சொல்லிவிட்டேன்.

இப்போது என் காதருகே அதே சத்தம். திரும்பிப் பார்க்க மாட்டேன். மூச்சை இழுத்தாயிற்று அல்லவா? வரியைப் பாடுங்கள்.

உங்கள் முதல் ரசிகை