திருவலையில் இருக்கும் உங்கள் படம்

இன்று காலை உங்கள் படம் வந்தது. கிளிநொச்சியில் சட்டம் போட்டு, கண்ணாடி பூட்டி, உங்கள் அண்ணர் ஆள் பிடித்து அனுப்பியிருந்தார். தாளைப் பிரித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டூடியோக்காரர்கள் உங்களுக்குக் கறுப்புக் கோட்டும் சிவப்புக் கழுத்துப்பட்டியும் போட்டுவிட்டிருக்கிறார்கள். அடையாள அட்டைப் படத்திலிருந்து தலையை எடுத்து, யாரோ ஒருவருடைய தோளில் இருத்தியிருக்கிறார்கள். கலியாணத்துக்கே புதுச் செருப்பு வேண்டாம் என்று அடம்பிடித்த மனிதர் நீங்கள். சிரித்து முடிய, அழுகையும் வந்தது.

வெள்ளிக்கிழமை உங்கள் முதலாம் ஆண்டுத் திவசம். விளக்குக்குப் பின்னால் மாலை போட்டு வைப்பது இந்தக் கோட்டுக்காரரையா, நான் படமாகக் கீறிய உங்களையா? காலையிலிருந்து எனக்கு இதே யோசனை.

எனக்குச் சித்திர ஆசிரியை வேலை கிடைத்த புதிதில் ஸ்கந்தபுரத்திலிருந்து ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஒருநாள் குசினியில் நான் தேங்காயோடு அந்தரப்பட்டுக்கொண்டிருந்தபோது வயலுக்குப் போக வெளிக்கிட்ட நீங்கள் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தீர்கள்.

“பஸ் உமக்காகக் காத்துக்கொண்டு நிக்காது. எழும்பும், நான் திருவுறன்.”

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்காய் திருவுகிற திருவலையில் ஏறி இருந்தீர்கள். முதல் கிழமைச் சம்பலில் தேங்காய்ப்பூவைவிடச் சிரட்டைத் தூள்தான் கூட. பிறகு கை பழகிவிட்டது. இடியப்பம் பிழிவதில் என்னைவிடக் கெட்டிக்காரர் ஆனீர்கள். அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கடுப்பேற்றினீர்கள்.

அந்தக் காலத்தில்தான் நான் அந்தப் படங்களைக் கீறத் தொடங்கினேன். ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்கிற விதம் எங்கள் கண்ணுக்கு முன்னால் மாறிக்கொண்டிருந்தது. அதை நேரே சொல்லாமல் குறியீடாகச் சொல்ல ஆசைப்பட்டேன். ஒரு படத்தில், சோற்றுக் கோப்பைக்கு எதிரே செம்பில் சாய்த்து வைத்த கைபேசி. கைபேசிக்குள் வெளிநாட்டுக் கணவர், அவருக்கு முன்னாலும் ஒரு கோப்பை. இன்னொன்றில் முன்னும் பின்னும் கைபிடி உள்ள சைக்கிள், ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி கணவனும் மனைவியும். அதைப் பார்த்துவிட்டு, “உது எந்தப் பக்கம் போகும்?” என்று கேட்டீர்கள். “அதுதான் கேள்வி” என்றேன். “அப்ப ரெண்டு பேரும் இறங்கி உருட்ட வேண்டியதுதான்” என்றீர்கள். என் படங்களுக்கு அவ்வளவு நல்ல விளக்கத்தை வேறு யாரும் தந்ததில்லை.

மூன்றாவது படம் திருவலை. ஓர் ஆண் இருந்து தேங்காய் திருவுகிறான். விழுகிற வெள்ளைப் பூ நிலத்தில் பரவி, நீண்டு, ஒரு வீதியாகிறது. அந்த வீதியில் தோளில் பையோடு ஒரு பெண் நடந்து போகிறாள். எல்லாவற்றையும் கீறி முடித்த நான், ஆணின் முகத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தேன்.

நீங்கள் வந்து கனநேரம் பார்த்தீர்கள்.

“உது ஆர்?”

“ஒரு ஆம்பிளை. பொதுவா.”

“பொதுவான ஆம்பிளை ஏன் என்ர சாரத்தைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்?”

முகம் இல்லாவிட்டால்தான் எல்லா ஆண்களும் அதில் தங்களைக் காண்பார்கள் என்று நான் பெரிய விளக்கம் சொன்னேன். நீங்கள் மறுத்துத் தலையாட்டினீர்கள்.

“ஒருத்தரும் காண மாட்டினம். ஆரோ ஒருத்தன் முதல்ல முகத்தைக் குடுக்க வேணும். என்ரையை வையும்.”

முகத்தை உண்மையில் ஏன் வெறுமையாக விட்டேன் என்பதை அன்றைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். குறியீடாவது ஒன்றாவது! எனக்குப் பயம். ஊர் உங்களைப் பார்த்துச் சிரிக்கும் என்று பயந்து, உங்களை ஒரு வார்த்தை கேட்காமல், உங்களுக்காக நானே வெட்கப்பட்டு வைத்திருந்தேன். உங்களுக்கோ அந்த வெட்கம் மருந்துக்கும் இருக்கவில்லை. இரண்டு நாள் அசையாமல் இருந்து முகம் தந்தீர்கள். மூக்கு பெரிதாகிவிட்டது என்று மட்டும் முறைப்பட்டீர்கள்.

கிளிநொச்சியில் என் படங்களின் கண்காட்சி நடந்தபோது முழு நாளும் அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றீர்கள். சனம் படத்தைப் பார்க்கும், உங்களைப் பார்க்கும், திரும்பவும் படத்தைப் பார்க்கும். பின்னேரம் உங்கள் அண்ணர் வந்தார். அவர் முகம் கறுத்துப்போனது.

“உனக்கு வெக்கமில்லையோடா? ஊர் முழுக்கப் பாக்குது.”

“அண்ணை, போன ஞாயிறு எங்கட வீட்டிலை மூண்டு தரம் சம்பல் போட்டுச் சாப்பிட்டனீங்கள். ஆர் திருவினதெண்டு நினைச்சனீங்கள்?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணர் விறுக்கென்று போய்விட்டார். இரண்டு மாதம் எங்கள் வாசல் படலைக்கே வரவில்லை. நீங்கள் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பி வராமற்போன அன்றைக்குத்தான் அவர் என்னோடு பழையபடி கதைத்தார்.

அந்தப் பழைய கோபத்தை நினைத்து, திவசக் காரியம் கதைக்க இன்று அவர் வருவதற்கு முன்னரே நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர் என்ன சொல்வார், அதற்கு நான் என்ன சொல்வேன் என்று எல்லாம் ஒத்திகை பார்த்தாகிவிட்டது. நாலு மணிக்கு வந்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் சாத்தி வைத்து, ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, “எதை வைப்பம், அத்தான்?” என்று மட்டும் கேட்டேன்.

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தேத்தண்ணி ஆறும்வரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கோட்டுப் போட்டவன் என்னோடை கதைக்கிறான் இல்லை, பிள்ளை” என்றார். “மற்றதை வை.”

பாருங்கள், அதே பிழையைத் திரும்பவும் விட்டிருக்கிறேன். அன்றைக்கு உங்களுக்காக வெட்கப்பட்டேன். இன்றைக்கு அவருக்குப் பதிலாக நானே ‘மாட்டேன்’ என்று சொல்லி வைத்திருந்தேன். கேட்கிற வரைக்கும் ஒரு மனிதருக்கு என்ன முகம் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் விட்டுப்போனதில் நான் தினமும் கையில் எடுப்பது இதைத்தான். எந்தப் படத்தைத் தொடங்கும்போதும், முகத்தை வைக்கலாமா என்று ஆளிடம் கேட்கிறேன். படம் கீறாத நேரத்தில்தான் மறந்துபோகிறேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் சாரத்தோடுதான் எல்லோருக்கும் முன்னால் இருப்பீர்கள். மாலை சின்னதாகத்தான் கட்டச் சொல்லியிருக்கிறேன், திருவலையை மறைக்காத அளவுக்கு.

இதையும் சொல்ல வேண்டும். படலை வரை போன அண்ணர் திரும்பி வந்தார்.

“என்ர மனுசிக்கு முழங்கால் ஏலாது. இப்ப நான்தான் உடுப்புத் தோய்க்கிறது. விடியவெள்ளன, ஆக்கள் எழும்ப முதல்.” நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “என்னையும் ஒருக்காக் கீறுவியோ?”

“கீறுறன், அத்தான். முகத்தை வைக்கட்டோ?”

தாடையைத் தடவி யோசித்தார்.

“வை. ஞாயிற்றுக்கிழமை சேவ் எடுத்துப்போட்டு வாறன்.”